காய்ஞ்ச மாடும் கம்பங்கொல்லையும்!

மாதத்தில் 28-ஆம் தேதி. மேன்ஷன்வாசி ஒருவர் காலையில் ஒரு டீ, மத்தியானம் ஒரு டீ, ராத்திரி 'வயிறு சரியில்லப்பா' என்று சொல்லிக்கொண்டு ஒரு வாழைப்பழம்... இப்படி ஒப்பேற்றுவார். ஒன்றாம் தேதி செல்போன் 'டிங்' என்கிறது. சம்பளம்! அன்றைக்கு அவரை பிரியாணிக் கடையில் பார்க்க வேண்டும். குனிந்த தலை நிமிராது. எதிர் மேஜைக்காரர் கண்ணடித்துக்கொண்டு சொல்வார்: "காய்ஞ்ச மாடு கம்பங்கொல்லையில பூந்த மாதிரி..."

இந்தப் பழமொழியை நாம் மனுஷனைக் கிண்டல் பண்ணத்தான் வைத்திருக்கிறோம். மாட்டைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. கம்பங்கொல்லையில் புகுந்து வயிறு முட்டத் தின்ற அந்த மாடு அப்புறம் என்ன ஆச்சு?

பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம், சார். நிஜமாகவே!

இதை நான் தெரிந்துகொண்டது எந்தக் கால்நடைக் கல்லூரியிலும் இல்லை. ஆரணியில், ஒரு குழித்தறிக்குப் பக்கத்தில்.

பட்டு ஊரில் பால் மாடு

திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டு என்றால் ஆரணி, அரிசி என்றாலும் ஆரணி. ஒரு தெருவில் காலையில் பாவு நீட்டி, கலர் கலராக நூல் கட்டி நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் அரிசி ஆலைப் புகைபோக்கி. இரண்டுக்கும் நடுவே, தறி வீடுகளின் கொல்லைப்புறத்தில், சத்தமில்லாமல் ஒரு மூன்றாவது தொழிலும் நடக்கிறது. பால் மாடு.

நான் போனது முகூர்த்தப் புடவை பார்க்க. நெசவாளர் நாடாவைத் தள்ளியபடியே பேசினார். பேச்சுக்கு நடுவில் கொல்லையிலிருந்து 'ம்மா' என்று ஒரு குரல். தறியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். புடவை காத்திருந்தது, நானும் காத்திருந்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க சார்" என்றார் திரும்பி வந்து. "சேலை அறுத்துக் குடுத்தாத்தான் கூலி. ஆடியில முகூர்த்தம் கெடையாது, மார்கழியில கெடையாது. யாவாரம் மந்தமானா பாவு குடுக்கிறவரும் கைய விரிச்சிடுவாரு. அப்பல்லாம் அடுப்பு எரியறது இவ பாலுலதான்."

ஆக, நெசவாளருக்கு வருஷத்தில் இரண்டு மாசம் பஞ்சம். அவர் மாட்டுக்கும் பஞ்ச காலம் உண்டு. ஆனால் காலண்டர் வேறே. ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் பச்சைப் புல், மானாவாரி நிலத்திலிருந்து கடலைக்கொடி. தை, மாசியில் அறுப்பு முடிந்து புது வைக்கோல். பங்குனி பிறந்ததும் புல் கருக ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசி? வெறும் வைக்கோல். அதையும் எண்ணித்தான் போட வேண்டும்!

வேடிக்கை என்னவென்றால், வைகாசிதான் கல்யாண சீசன். நெசவாளருக்கு நல்ல காலம், மாட்டுக்குக் கெட்ட காலம். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை

வெறும் வைக்கோலைத் தின்று ஒரு ஜீவன் இரண்டு மாசம் எப்படி ஓட்டுகிறது? நமக்குப் போட்டால் இரண்டு நாள் தாங்க மாட்டோம்.

விஷயம் இதுதான். மாடு வைக்கோலை நேரடியாகச் சாப்பிடுவதில்லை. தன் முதல் வயிற்றில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு அதைப் போடுகிறது. அந்த வயிற்றுத் தண்ணீரில் ஒரு மில்லி லிட்டர் எடுத்தால் ஆயிரம் கோடி பாக்டீரியாவுக்குக் குறையாமல் இருக்கும். (நம்ம நாட்டு ஜனத்தொகையெல்லாம் ஒரு மூலைக்குக் காணாது!) அவை வைக்கோலை ஊறவைத்துப் புளிக்கவைக்கின்றன. அதில் வரும் லேசான அமிலங்கள்தான் மாட்டுக்குச் சக்தி. அந்த பாக்டீரியாக்களும் அடுத்த அறைகளுக்குப் போய்ச் சீரணமாகின்றன. அதுதான் புரதம். மாடு சைவம் என்று யார் சொன்னது?

ஆனால் பாக்டீரியாவுக்கும் புரதச் சத்து வேண்டுமே! தீனியில் 100-க்கு 7 பங்காவது புரதம் இருந்தால்தான் அவை சுறுசுறுப்பாக வேலை பார்க்கும். நெல் வைக்கோலில் இருப்பது 3 அல்லது 4. மீதிக்கு எங்கே போவது?

இங்கேதான் மாடு ஒரு வித்தை காட்டுகிறது. சிறுநீரில் வெளியே போக வேண்டிய யூரியாவைப் போகவிடாமல் பிடித்து, எச்சில் வழியாகவும் ரத்தம் வழியாகவும் மறுபடி முதல் வயிற்றுக்கே அனுப்புகிறது. பாக்டீரியாக்கள் அந்த யூரியாவிலிருந்து புரதம் செய்துகொள்கின்றன. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாளும் சமாளிக்கிற மாதிரி. ஆடும் செய்யும், ஒட்டகமும் செய்யும். ஒட்டகம் இப்படி யூரியாவைச் சேமிப்பதை ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி 1957-இல் எழுதினார்.

அடுத்தது செலவுக் குறைப்பு. மாட்டின் உடம்பில் அதிகச் சக்தியைச் சாப்பிடுவது ஈரலும் குடலும்தான். மொத்தச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம்! தீனி குறைந்தால் முதலில் சுருங்குவது இவைதான். கம்பெனி நஷ்டத்தில் ஓடும்போது ஆபீசில் ஏ.சி.யை நிறுத்துகிற மாதிரி. அதுவும் போதாவிட்டால் சேர்த்து வைத்த கொழுப்பு. அதற்கும் மேலே போனால் சதை.

பாலைவனத்தில் வாழும் பெடோயின் கறுப்பு ஆடுகள் இதில் கில்லாடிகள். தீனியைப் பாதியாகக் குறைத்தால் உடம்பின் செலவையும் பாதிக்குக் கிட்டத்தில் குறைத்துக்கொண்டு, எடை இழக்காமல் நிற்கும். நம்ம நாட்டு மாடும் லேசுப்பட்டதில்லை. சீமை ரத்தம் கலந்த ஜெர்சியைவிட அது கொஞ்சமாகத் தின்று உயிரை ஓட்டும். கலப்பின மாடு பால் கூடத் தரும், பஞ்சத்தில் சீக்கிரம் சாய்ந்துவிடும். அதிகச் சம்பளக்காரர், அதிக இ.எம்.ஐ.காரர்!

ஆகவே, பட்டினி கிடக்க மாட்டுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வம்பு வருவது பட்டினி முடிகிற அன்றைக்கு.

முகூர்த்தச் சோறு

இப்போது நெசவாளர் வீட்டில் நிற்கும் மாட்டுக்கு ஒரு தாய் இருந்தது. சொல்லும்போது அவர் தறியை நிறுத்திவிட்டார்.

சில வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி. எலும்பு தெரிகிற கோடை. ரெண்டு வீடு தள்ளிக் கல்யாணம். பந்தி முடிந்து மிஞ்சிய சோறு அன்னக்கூடை அன்னக்கூடையாக. வீணாக்குவார்களா? "வாயில்லாத ஜீவன், புண்ணியமாப் போகும்" என்று இவர் வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் கொட்டினார்கள். இரண்டு மாசமாக வைக்கோலை மென்ற மாடு. ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை.

"அது தின்றதப் பாத்து எங்களுக்கே சந்தோஷமா இருந்துச்சு சார். நானும் இன்னொரு வாளி எடுத்து ஊத்துனேன்" என்றார் நெசவாளரின் மனைவி.

ராத்திரி மாடு அசைபோடவில்லை. வயிறு உப்பி, தளும்பியது. விடிந்தபோது பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருந்தது. கழிச்சல் புளிச்ச நாற்றம். மாட்டு டாக்டர் வந்தார். குழாய் விட்டார், சோடா உப்பு கொடுத்தார், பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார். மறுநாள் சாயந்திரம் போய்விட்டது.

சோறு விஷமா? சோறு விஷமில்லை. அளவும் நேரமும்தான் விஷம். வைக்கோல் தின்னும் மாட்டின் வயிற்றில் நாரைச் செரிக்கிற பாக்டீரியாக்கள் பெரும்பான்மைக் கட்சி. மாவுச்சத்தைத் தின்கிறவை சிறுபான்மை. திடீரென்று சோறு, அரிசி, கம்பு என்று மூட்டையாக வந்து இறங்கினால் ஒரே ராத்திரியில் ஆட்சி கவிழ்ந்துவிடும்! மாவுக்காரர்கள் கன்னாபின்னாவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கக்குவார்கள். தயிர் புளிக்க வைக்கிற அதே அமிலம். வயிற்றின் அமிலக் கணக்கு ஆறு, ஆறரை என்று இருக்க வேண்டியது ஐந்துக்குக் கீழே இறங்கும். நார்க்காரர்கள் கூண்டோடு சாவார்கள். உடம்பிலிருக்கும் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபடும். அமிலம் ரத்தத்தில் கலக்கும். அப்புறம் டாக்டருக்கும் எமனுக்கும் ஓட்டப்பந்தயம்தான்.

காய்ந்த மாட்டுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். முதல் வயிற்றின் உள்சுவரில் டர்க்கி டவல் மாதிரி சின்னச் சின்ன முளைகள் உண்டு. அமிலத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது அவைதான். நல்ல தீனி இல்லாத காலத்தில் அவையும் சுருங்கிவிடும். திரும்ப வளர நாலு, ஆறு வாரம் ஆகும். அதாவது, சரக்கு நூறு லாரி வருகிறது, இறக்க ஆள் பத்துப் பேர்!

ஒவ்வொரு தை மாசமும் கால்நடை டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான்: "மாட்டுப் பொங்கலன்னிக்கு மாட்டுக்குப் பொங்கலை அள்ளி அள்ளி ஊட்டாதீங்க!" யார் கேட்கிறார்கள்? வருஷம் பூரா உழைத்த ஜீவனுக்கு நன்றி சொல்கிற நாளில், நன்றியாலேயே அதை மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்.

மனுஷனுக்கும் விதி இதேதான். இரண்டாம் உலகப் போர் முடிவில், 1945-இல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட எலும்புக்கூடு மனிதர்களுக்கு, பார்த்தவர்கள் மனம் கசிந்து கையிலிருந்த டின் உணவையெல்லாம் கொடுத்தார்கள். அதைத் தின்று செத்தவர்கள் உண்டு. பட்டினி உடம்பில் திடீரென்று சாப்பாடு இறங்கினால் ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சடாரென்று செல்களுக்குள் போய்விடும். இதயம் தடுமாறும். அதே காலத்தில் (1944-45) அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்ததே, இப்படிப்பட்டவர்களுக்கு எப்படித் திரும்பச் சோறு போடுவது என்று கற்றுக்கொள்ளத்தான்.

மழைக்கு மறுநாள்

ஆரணியிலிருந்து போளூர் போகிற வழியில் ஒரு செம்மறி மந்தை. இந்தப் பக்கமெல்லாம் 'மெட்ராஸ் சிவப்பு' என்கிற செந்நிற ஆடுகள்தான். கம்பளி கிடையாது, கறிக்கு வளர்ப்பது. அறுப்பு முடிந்த கொல்லைகளில் கிடை போட்டு ஊர் ஊராகப் போகிற பெரியவர் ஒருவர், தோளில் தொரட்டியோடு நின்றார்.

"கோடையில ஆடு சாகுமா தாத்தா?"

"கோடையில இன்னாத்துக்கு தம்பி சாவுது? கருவேலங்காயத் தின்னும், சருகத் தின்னும், இளைக்கும். மழ வந்து ரெண்டாவது வாரந்தான் எனக்கு வயித்துல புளியக் கரைக்கும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை வந்தால் புல். புல் வந்தால் கொண்டாட்டம்தானே?

"அந்த இளம்புல்ல அவதி அவதியா மேயும் பாரு. மறுநா காலையில மந்தையிலேயே கொழுத்த குட்டி எதுவோ அது துள்ளும், கழுத்த வளைக்கும், விழும். நோஞ்சான் நிக்கும். கொழுத்ததுதான் போவும்."

துள்ளுமாரி! பேரே நோயைச் சொல்லிவிடுகிறது. குடலில் எப்போதும் சாதுவாகக் குடியிருக்கும் ஒரு கிருமி, செரிக்காத மாவும் சர்க்கரையும் திடீரென்று வந்து குவிந்தால் வெறிபிடித்துப் பெருகி விஷம் கக்கும். யார் அதிகம் தின்றதோ அதற்குத்தான் முதல் சாவு. மழைக்காலத்துக்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தத் துள்ளல் இல்லை.

இன்னொரு எமன் சோளக்கொல்லை. வெயிலில் வாடிய இளஞ்சோளம், மழை கண்டதும் புதுக் குருத்து விடும். பார்க்க அத்தனை அழகு. உள்ளே சயனைடு! பூ எடுக்காத சோளப் பயிரில் பசியோடு வாய் வைத்த மாடு சில நிமிஷங்களில் விழலாம். ஆக, பழமொழி சொன்ன மகானுபாவர் கம்பங்கொல்லை என்று கம்போடு நிறுத்தியதே பெரிய கருணை.

ஹைதர் அலி மாடு

ஆரணிக்கும் மாட்டுத் தீனிக்கும் ஒரு சரித்திரச் சம்பந்தமும் உண்டு. 1782 ஜூன் 2-ஆம் தேதி இங்கே ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் சண்டை. ஆரணிக் கோட்டையில் ஹைதரின் கிடங்கு இருந்தது. அதற்குத்தான் கூட் குறி வைத்தார். கோட்டை கிடைக்கவில்லை. அந்த யுத்தம் முழுக்க கூட்டை வாட்டியது ஹைதரின் பீரங்கியைவிட, தன் பீரங்கியை இழுக்கக் காளை இல்லாததுதான்.

ஹைதருக்கு அந்தக் கவலை இல்லை. மைசூரின் 'அம்ருத மகால்' காளைகள் அவரிடம் இருந்தன. இரண்டரை நாளில் நூறு மைல் நடந்து சிதம்பரத்துக்கு அவர் படையைக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்று பழைய ஆங்கிலக் குறிப்புகள் வியக்கின்றன. அந்தக் காளைகளுக்குத் தவிட்டு மூட்டையா கொட்டினார்கள்? இல்லை. மைசூர் ராஜ்யத்தில் அவற்றுக்கென்றே 'காவல்' என்ற மேய்ச்சல் நிலங்கள் இருந்தன. வெயில் காலத்துக்கு ஒரு காவல், மழைக் காலத்துக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று. ஏரிக்கரை, மர நிழல் உள்ள இடம் கோடைக்கு என்று ஒதுக்கி, மாடுகளை இடம் மாற்றி ஓட்டுவார்கள். பஞ்சமும் இல்லை, திடீர் விருந்தும் இல்லை.

அந்தக் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்தச் சீமை பார்த்திருக்கிறது. 1876-இல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடு தவித்தது. ஜனங்களோடு கால்நடைகளும் கூட்டம் கூட்டமாக மாண்டன. நம் காலத்திலேயே, 2016-இல் வடகிழக்கு மழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். மானிய விலையில் வைக்கோல் விற்க அரசு கிடங்கு திறக்க வேண்டியதாயிற்று.

விட்டதைப் பிடிக்கும் கன்று

அன்றைக்குத் தாய் செத்தபோது, நெசவாளர் வீட்டுக் கன்றுக்கு வயசு ஒன்றுக்குப் பக்கம். விலா எலும்பை எண்ணலாம். "தேறாது, வித்துடு" என்றார்கள். விற்கவில்லை. ஆடி மழையில் புல் வந்தது, அப்புறம் கடலைக்கொடி. கார்த்திகையில் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கன்றுக்குச் சமமாக நின்றது!

இது மாயமில்லை. மிசௌரியில் வாட்டர்ஸ் என்ற பேராசிரியர் 1908-லேயே எழுதிவிட்டார்: இளங்கன்று எடை கூடாமல் காய்ந்தாலும், உள்ளே எலும்பு மட்டும் நீண்டுகொண்டே போகும். வீடு கட்டுகிறவர் காசில்லாதபோதும் அஸ்திவாரத்தை விடாத மாதிரி. பிறகு தீனி கிடைத்தால், எப்போதும் வயிறு நிறையத் தின்ற கன்றைவிட வேகமாக இது எடை போடும். காரணம்? ஈரலும் குடலும் இன்னும் சிக்கனத்திலேயே இருக்கின்றன, பசியோ பழைய பாக்கியையும் சேர்த்துக் கேட்கிறது. வருமானம் ஏறியாச்சு, செலவு இன்னும் ஏறவில்லை. மிச்சமெல்லாம் சதை!

கேளூர் சந்தைமேட்டில் யாவாரிகள் இதை எந்தப் புஸ்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கோடையில் காய்ந்த மாட்டை, 'எலும்பு நல்லா இருக்கா' என்று மட்டும் பார்த்து வாங்குவார்கள். சதையை மழைக்காலம் போட்டுக்கொள்ளும்.

ஆனால் எல்லாப் பாக்கியும் வசூலாகாது. தாய் வயிற்றிலேயோ, பிறந்த முதல் சில மாசத்திலேயோ பட்டினி கிடந்த கன்று கடைசிவரை குள்ளம்தான். ரொம்பக் காய்ந்த மாடு சினைக்கு வராது. சினை தள்ளிப்போனால் பால் தள்ளிப்போகும். தறி நின்ற மாசத்தில் பாலும் நின்றால், அந்த வீட்டில் அடுப்பு?

மெதுவாப் போடு!

அப்படியானால் என்ன செய்யணும்? டாக்டர்கள் சொல்வதன் சாரம் ரொம்ப எளிது.

முதலாவது, காயவே விடாதீர்கள். வைக்கோலையே சத்தாக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் புரதம் கூடும், மாடும் விரும்பித் தின்னும். (ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியாவை நேராகத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தால் விஷம்.) வேலியில் அகத்தி, சூபாபுல் இருந்தால் கோடையில் கொஞ்சம் பச்சை.

இரண்டாவது, காய்ந்துவிட்டால் அவசரப்படாதீர்கள். முதலில் வைக்கோல், அப்புறம் கொஞ்சம் பச்சை, அப்புறம் ஒரு கைப்பிடி தவிடு. பிடியை மெல்ல மெல்லக் கூட்டி, முழு அளவுக்குக் கொண்டுவர இரண்டு மூன்று வாரம். வயிற்றுக்குள் இருக்கிற ஜனங்களுக்குக் கட்சி மாற அவகாசம் வேண்டும். மழை பெய்த புதிதில் காலையில் வைக்கோலைத் தின்னவைத்துவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். பசியோடு அவிழ்த்து விடாதீர்கள்.

மூன்றாவது, பண்டிகையோ பந்தியோ, மாட்டுக்கு ஒரு கவளம். ஆசீர்வாதத்துக்கு அது போதும். மீறித் தின்றுவிட்டால் மாடு அசைபோடுகிறதா என்று பாருங்கள். போடவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1962-க்கு ஒரு போன். கால்நடை ஆம்புலன்ஸ்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் வந்து நின்றார். எதிர்த்தெருவில் காதுகுத்து. கையில் துணி போட்டு மூடிய அன்னக்கூடை.

"அக்கா, சோறு மிஞ்சிடுச்சு. மாட்டுக்கு..."

"வேணாம் தம்பி" என்றார் நெசவாளரின் மனைவி. "பக்கத்துல பள்ளிக்கூடப் புள்ளைங்க இருக்குது, அதுங்களுக்குக் குடு. இவளுக்கு வைக்கோல் இருக்குது."

வந்தவர் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனது. அந்த அம்மாள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கூளம் ஒரு கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். தறிக்கு மேலே சுவரில் ஜரிகைக் கணக்கும் பால் கணக்கும் சாக்பீஸில் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில், அழியாமல் பெயின்ட்டில்: 1962.